அலாரம் 'வென்ட் ஆஃப்' என்றால் அடித்ததா, அணைந்ததா?

கேள்வி: நான் ஒரு நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆங்கிலம் வாசித்தால் ஓரளவு புரியும். வினையோடு ஒரு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறும் ஃபிரேசல் வெர்ப் வந்தால்தான் தடுமாற்றம். போன மாதம் இரவுப் பணியாளர் 'தி அலாரம் வென்ட் ஆஃப் அட் ஃபைவ்' என்று செய்தி அனுப்பியிருந்தார். ஐந்து மணிக்கு அலாரம் அணைந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று நானும் இருந்துவிட்டேன். மேலாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது '1000 ஃபிரேசல் வெர்ப்கள்' என்ற பிடிஎஃப்பை வைத்து அகர வரிசையில் மனப்பாடம் செய்கிறேன். இரண்டு மாதமாகியும் 'சி' எழுத்தைத் தாண்டவில்லை. அதற்குள் 'பி' மறந்துவிட்டது. இதையே தொடரவா, 90 நாளில் கற்றுத்தருவதாகச் சொல்லும் வகுப்பில் சேரவா? மொத்தம் எத்தனைதான் தெரிந்திருக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்தப் பிடிஎஃப்பை மூடுங்கள். வகுப்புக்கும் பணம் கட்டாதீர்கள்.

'வாங்கிக் கட்டிக்கொண்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன வாங்கினீர்கள், எதில் கட்டினீர்கள்? எழுதும்போது அந்தக் கேள்வி உங்களுக்கு எழவில்லை, படித்த எனக்கும் எழவில்லை. புதிதாகத் தமிழ் படிக்கும் ஒருவர் 'வாங்கு', 'கட்டு', 'கொள்' என்று மூன்றையும் அகராதியில் தனித்தனியே தேடினால் அந்த வரியில் திண்டாடிப்போவார். நமக்கோ அது திட்டு வாங்கினேன் என்கிற ஒரே சொல். 'கைவிடு' என்பதிலும் கையைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. 'பார்' வேறு, 'பார்த்துக்கொள்' வேறு. ஆங்கிலத்திலும் 'லுக்' வேறு, 'லுக் ஆஃப்டர்' வேறு. 'கிவ் அப்' ஏறக்குறைய நம் 'கைவிடு'தான். பேசத் தொடங்கிய நாளிலிருந்து நீங்கள் செய்துவருகிற காரியம்தான் இது.

அலாரத்துக்கு வருவோம். நீங்கள் சறுக்கியது 'ஆஃப்' என்ற சொல் தெரியாததால் அல்ல, நன்றாகத் தெரிந்ததால். ஃபேனை ஆஃப் பண்ணு, போனை ஆஃப் பண்ணு என்று தமிழிலேயே தினமும் சொல்கிறோம். அதனால் அந்தச் சொல்லை எங்கே கண்டாலும் மனசுக்குள் ஒரு ஸ்விட்ச் அணைகிறது. ஆனால் 'ஆஃப்' அடிப்படையில் ஒன்றை விட்டு விலகுவதைச் சொல்லும். இழுத்துப் பூட்டி வைத்த விசை விடுபட்டுத் தெறிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி 'கோஸ் ஆஃப்' என்றால் வெடிக்கிறது. அலாரம் என்றால் அடிக்கிறது. விளக்கு 'கோஸ் ஆஃப்' என்றால்தான் நீங்கள் நினைத்தபடி அணைகிறது. வினை அதேதான்; எழுவாய் மாறினால் பொருள் தலைகீழ். எனவே 'கோ ஆஃப் என்றால் என்ன' என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. எது 'கோ ஆஃப்' ஆயிற்று என்று கேளுங்கள்.

உங்கள் பிடிஎஃப் இதைத்தான் செய்வதில்லை. 'கோ ஆஃப்' என்று போட்டு, எதிரே வெடி, அடி, அணை, கெட்டுப்போ, கிளம்பு என்று ஐந்து பொருளை அடுக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அகர வரிசை அதைவிட மோசம். 'புட் ஆஃப்', 'புட் ஆன்', 'புட் அவுட்', 'புட் அப்' எல்லாம் ஒரே பக்கத்தில் அண்ணன் தம்பிகளாக நிற்கும். ஒரே நாளில் நான்கையும் படித்தால், மறுநாள் எது யார் என்று குழம்பத்தான் செய்யும். 'பி' மறந்ததற்கு உங்கள் ஞாபகசக்தியைக் குறை சொல்லாதீர்கள்.

இந்தப் பட்டியல் வியாபாரிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏதோ ஒரு தடித்த அகராதியை உருவி, யாரும் பேசாத பிரயோகங்களையும் சேர்த்தால்தான் ஆயிரம் என்ற எண் வரும். ஒரு மாணவி கொண்டுவந்த பட்டியலில் 'நாக் அப்' என்பதற்குக் 'கதவைத் தட்டி எழுப்பு' என்று மட்டும் போட்டிருந்தது. பிரிட்டனில் அப்படி ஒரு பழைய வழக்கு உண்டுதான். ஆனால் இன்று பலர் காதில் அது 'கர்ப்பமாக்கு' என்றுதான் விழும். விடுதியில் தங்கப்போகிற ஒருவர் 'காலையில் என்னை எழுப்புங்கள்' என்று சொல்வதாக நினைத்து அதைச் சொல்லிவைத்தால்? விற்றவருக்கு என்ன கவலை.

'ரகசிய சூத்திரம்' விற்கிறவர்கள் அடுத்த ரகம். 'அப்' வந்தால் முழுமை, அவ்வளவுதான், மொழியே கைக்குள் என்பார்கள். 'யூஸ் அப்' என்றால் முழுக்கத் தீர்த்துவிடு, சரி, பொருந்துகிறது. 'த்ரோ அப்' என்றால் வாந்தி எடு. அதில் என்ன முழுமை? முன்பே தெரிந்த சொல்லை நினைவில் நிறுத்தச் சூத்திரம் உதவும், தெரியாத சொல்லை ஊகிக்க அதை நம்பக்கூடாது. 90 நாள் வகுப்புகள் பெரும்பாலும் அந்தப் பிடிஎஃப்பையும் இந்தச் சூத்திரத்தையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம்தான்.

தேர்வுகளையும் சும்மா விடுவதற்கில்லை. 'ஹி புட் ____ தி மீட்டிங்', கோடிட்ட இடத்தில் 'ஆஃப்'பா, 'அவுட்'டா, 'அப்'பா? பிள்ளை 'ஆஃப்' என்று நிரப்பி மதிப்பெண் வாங்கிவிடும். கூட்டம் தள்ளிப்போனதா, ரத்தானதா என்று அதனிடம் கேட்டுப்பாருங்கள், விழிக்கும். தள்ளிப்போனால் 'புட் ஆஃப்', ரத்தானால் 'கால் ஆஃப்'. நாளை அலுவலகத்தில் அதற்குத் தேவைப்படப்போவது இந்த வித்தியாசம்தான். கேள்வித்தாளில் அதற்கு இடமில்லை. இப்படிக் கேள்வி கேட்கிற ஆட்கள்தான் 'ஃபிரேசல் வெர்ப் கொச்சை, கட்டுரையில் எழுதாதே' என்று சிவப்பு மையால் அடிக்கிறார்கள். 'கேரி அவுட்', 'பாயிண்ட் அவுட்' இரண்டும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் சாதாரணமாகப் புழங்குகின்றன.

சரி, எத்தனை தெரிய வேண்டும்? 10 கோடி சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்ற ஆங்கில எழுத்து, பேச்சுத் தொகுப்பை வைத்து கார்ட்னர், டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-ல் கணக்குப் போட்டார்கள். கோ, கம், டேக், கெட் போன்ற 20 வினைகளும் அவுட், அப், ஆன், பேக் போன்ற 8 சிறுசொற்களும் சேர்ந்து உண்டாகிறவையே அதில் வரும் ஃபிரேசல் வெர்ப்களில் பாதிக்கு மேல். 2015-ல் கார்னியே, ஷ்மிட் என்ற இருவர் அடிக்கடி வரும் 150-ஐ எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உண்மையில் புழங்கும் பொருளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மொத்தம் 288 பொருள்கள் தேறின, ஒன்றுக்குச் சராசரியாக இரண்டுகூட இல்லை. உங்களுக்கு அது போதும். பட்டியல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே ஒரு பட்டியலைக் காட்டுகிறேனே என்று தோன்றலாம். இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். எங்காவது ஒன்றைச் சந்தித்தால், அது நினைவில் வைக்கத் தக்கதா என்று சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கற்க வேண்டியது உங்கள் இன்பாக்ஸிலேயே இருக்கிறது. பராமரிப்புப் பிரிவு என்றால் பிரேக் டவுன், ஷட் டவுன், வேர் அவுட், ரன் அவுட், செட் அப், லுக் இன்டு, ஃபாலோ அப் எல்லாம் வாரம் தவறாமல் வரும். வந்த வரியை முழுதாக நோட்டில் எழுதுங்கள், எதிரே தமிழில் ஒரே வினை. இப்படி:

'தி பம்ப் ப்ரோக் டவுன்' - பம்ப் பழுதாகிவிட்டது.
'வி ரேன் அவுட் ஆஃப் ஃபில்டர்ஸ்' - ஃபில்டர் தீர்ந்துவிட்டது.

இரண்டாவதில் தீர்ந்தது ஃபில்டர், ஆனால் ஆங்கிலத்தில் எழுவாய் 'வி'. தனிச்சொல்லாக எழுதியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. வாரத்துக்கு நான்கைந்து போதும். ஒரே வினையில் தொடங்கும் இரண்டை ஒரே நாளில் எழுதாதீர்கள்.

இலக்கணத்தில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். 'டர்ன் ஆஃப் தி மோட்டார்', 'டர்ன் தி மோட்டார் ஆஃப்' இரண்டும் சரி. 'இட்' வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: 'டர்ன் இட் ஆஃப்'. நடுவில் எதையும் விடாதவையும் உண்டு: லுக் ஆஃப்டர், லுக் ஃபார், லுக் இன்டு, கம் அக்ராஸ். 'லுக் இன்டு இட்' என்றுதான் சொல்ல வேண்டும்.

'லுக் ஓவர்' என்று ஒன்று இருக்கிறது. அதில் மட்டும் நிதானம் தேவை. ஓர் அறிக்கையை ஒருமுறை பார்வையிட்டால் 'ஐ லுக்ட் இட் ஓவர்'. சிறுசொல்லை முன்னால் கொண்டுபோய் ஒட்டி 'ஐ ஓவர்லுக்ட் இட்' என்றால், அதைக் கவனிக்கத் தவறிவிட்டேன் என்று பொருள். அதே இரண்டு துண்டுகள், இடம் மாறியதும் 'பார்த்தேன்' என்பது 'பார்க்கவில்லை' ஆகிவிடுகிறது. ஆய்வு முடித்தவர் வேலையை முடித்த பெருமையில் 'ஐ ஹேவ் ஓவர்லுக்ட் தி சேஃப்டி ரிப்போர்ட்' என்று மேலதிகாரிக்கு எழுதியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தன் கையாலேயே எழுதிக்கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் அது. மேற்பார்வையிட்டேன் என்று சொல்ல 'ஓவர்சீ' என்று வேறொன்று இருக்கிறது. அதன் இறந்தகாலம் 'ஓவர்சா'. 'லுக்'கும் 'சீ'யும் நமக்குப் பார்ப்பதுதான், ஆனால் 'ஓவர்' முன்னால் வந்தால் ஒன்று கோட்டைவிடுவது, மற்றது கண்காணிப்பது. இந்த மூன்றையும் மட்டும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

அப்புறம், இதெல்லாம் உங்களுக்கு மட்டும் வந்த கஷ்டமில்லை. 1755-ல் வெளியான தன் ஆங்கில அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சனே, வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறும் இந்த வழக்குதான் வெளிநாட்டவரை மிகவும் திணறடிப்பது என்று எழுதியிருக்கிறார். படிக்கும்போது புரிந்தால் போதும். நீங்கள் எழுதும்போது சந்தேகமாக இருந்தால் 'போஸ்ட்போன்', 'கேன்சல்' என்று ஒற்றைச் சொல்லையே போடுங்கள், யாரும் குறை சொல்லப் போவதில்லை. 'போஸ்ட்போன்' என்பதே லத்தீனில் 'பின்னால் வை' என்று இரண்டு துண்டு சேர்ந்ததுதான். ஒட்டிக்கொண்டு நிற்பதால் அதற்கு யாரும் 90 நாள் வகுப்பு எடுப்பதில்லை.

இரவுப் பணியாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அலாரம் அடித்தால் 'தி அலாரம் ராங்' என்றும், அவர் அதை அணைத்தால் 'ஐ டர்ன்ட் இட் ஆஃப்' என்றும் எழுதட்டும்.