தீபாவளிக்கு ஏறும் 3 கிலோ: பலகாரச் சீட்டும் பவுடர் டப்பாவும்

கேள்வி: எனக்கு 44 வயது. 5 அடி 2 அங்குலம், 71 கிலோ. பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டு துணிக்கடையில் வேலை. ஒவ்வொரு வருடமும் தீபாவளி முடிந்த ரெண்டாம் நாள் எடை பார்த்தால் 3 கிலோ ஏறியிருக்கிறது. பண்டிகைக்கு முன் ஒரு வாரம் ராத்திரி சாப்பாட்டை விட்டுவிடலாமா? எங்கள் தெருவில் பலகாரச் சீட்டு பிடிக்கும் அக்கா ஒரு ஷேக் பவுடரும் விற்கிறார், மாதம் 6,000 ரூபாய். பத்து நாளில் 4 கிலோ குறையும் என்கிறார். வாங்கலாமா? சர்க்கரை மாத்திரை போடும் மாமியார் கௌரி நோன்பு இருக்கிறார். நானும் இருந்தால் எடைக்கு நல்லதுதானே?

பதில்: முதலில் பவுடர். வாங்காதீர்கள்.

காரணம் கேட்டால் ஒரு கணக்கு போதும். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி குறைய வேண்டும். 4 கிலோவுக்கு 30,800. பத்து நாளில் என்றால் தினம் மூவாயிரத்துக்கு மேல். உங்கள் உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிப்பதே இரண்டாயிரம் சுற்றித்தான் இருக்கும், அதனால் நீங்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்துக் கிடந்தாலும் அவ்வளவு கொழுப்பு கரையாது. அப்படியானால் அந்த அக்கா காட்டும் எடை மெஷினில் என்னதான் குறைகிறது? பெரும்பகுதி தண்ணீர்.

தீபாவளி முடிந்து உங்களுக்கு ஏறுகிற 3 கிலோவிலும் பெரும்பகுதி அதே தண்ணீர்தான். மாவும் சர்க்கரையும் கூடுதலாக உள்ளே போனால் ஈரலும் தசையும் கொஞ்சம் சேமித்துக்கொள்ளும், அப்படிச் சேமிக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் தண்ணீரையும் கூடவே பிடித்து வைக்கும். முறுக்கு, மிக்சர், பிரியாணி உப்பும் தன் பங்குக்குத் தண்ணீரை நிறுத்தும். ரெண்டே நாளில் 3 கிலோ கொழுப்பு போட வேண்டுமென்றால் வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே நாலரைக் கிலோ முறுக்கு தின்ன வேண்டும், அது யாராலும் முடியாது. அதனால் ரெண்டாம் நாள் மெஷினில் ஏறிப் பார்த்துப் பயப்படுவதை விடுங்கள். அந்தப் பயத்தில்தான் பவுடர் டப்பா விற்கிறது.

ஆனால் பத்துப் பதினைந்து நாள் கழித்தும் அரைக் கிலோ, ஒரு கிலோ இறங்காமல் நிற்கிறதா, அது நிஜம். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், அங்குள்ள பண்டிகைக் காலத்தில் ஆட்களுக்குக் கூடிய எடை சராசரியாக அரைக் கிலோவுக்கும் குறைவுதான், ஆனால் கூடியது பிறகு இறங்கவில்லை என்று பார்த்தார்கள். வருடத்துக்கு அரைக் கிலோ என்று இருபது வருடம் போட்டுப் பாருங்கள்.

அது தீபாவளி ஒரு நாளில் ஏறுவதில்லை. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிடுகிறோமே, அதில் ஒரு தப்பும் கிடையாது. நாலு இட்லி, கறித்துண்டு, ஒரு வடை, நல்ல சாப்பாடு. மதியம் பிரியாணி ஒரு தட்டு, முதலில் கறியையும் முட்டையையும் வெங்காயப் பச்சடியையும் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோறு, ஆசைப்பட்ட இனிப்பு ஒன்று அந்தச் சாப்பாட்டோடேயே. முந்தின வாரம் ராத்திரி பட்டினி கிடப்பதால் உங்களுக்குக் கிடைக்கப்போவது, பண்டிகையன்று கை நிற்காத பசி மட்டும்தான்.

எடையை ஏற்றுவது மறுநாளிலிருந்து ஆரம்பிக்கும் பலகார டின். மாதாமாதம் சீட்டு கட்டுகிறீர்கள், வருட முடிவில் ரெண்டு கிலோ இனிப்பு, ரெண்டு கிலோ காரம் என்று வீட்டுக்கு வந்து இறங்குகிறது. கிலோவுக்கு 4,500, 5,000 கலோரி என்று வைத்தால் அந்த அட்டைப்பெட்டியில் ஏறத்தாழ 19,000 கலோரி இருக்கிறது. பிள்ளைகள் ரெண்டு நாளில் சலித்துவிடுவார்கள். வீணாகக் கூடாதே என்று சாயங்கால டீயோடு ஒரு கைப்பிடி, கடைக்கு டப்பாவில் ஒரு கைப்பிடி என்று காலி செய்வது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். நடந்து கரைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அரை மணி நேர நடை ஒரு லட்டுக்கே சரியாகப் போய்விடும். தீபாவளிக்கு மறுநாள் காலையில் வெடிப் புகைக்குள் நடக்கவே வேண்டாம்.

டின்னைச் சமாளிக்க ஒரே வழி, மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை அன்றைக்கே வெளியே அனுப்புவது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால் போன தட்டு வெறுமனே திரும்பாது என்பது நம் ஏரியாவில் தெரிந்ததுதானே. அதனால் திருப்பித் தராத இடமாகப் பார்த்துக் கொடுங்கள்: கடை வாட்ச்மேன், குப்பை எடுக்க வருகிறவர்கள், பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள்.

இன்னொன்று. 'சுகர் ஃப்ரீ' முந்திரி கத்லியில் முந்திரியும் நெய்யும் அப்படியே இருக்கின்றன. வெல்லத்தில் செய்தது, நாட்டுச் சர்க்கரையில் செய்தது என்றாலும் கலோரி ஏறத்தாழ சர்க்கரை அளவேதான். 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று எண்ணெய் பாக்கெட்டில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், எந்தத் தாவர எண்ணெயிலும் அது இருந்ததே இல்லை. தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கு எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும் என 2020 அக்டோபர் முதல் தேதியிலிருந்து விதி இருக்கிறது. உங்கள் தெருக் கடையில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம், அதுவும் சீட்டுப் பெட்டியில் இருக்கிறதா பாருங்கள். விதி போடுவதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறவர்களிடம் இதையெல்லாம் சொல்லி அலுத்துப் போய்விட்டது.

அந்தப் பவுடர் டப்பாவின் பின்பக்கத்தையும் படிக்கச் சொல்லுங்கள். இதுபோன்ற பொருட்களில் 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல' என்று ஆங்கிலத்திலோ இந்தியிலோ போட்டாக வேண்டும். தெருவில் மட்டும் சர்க்கரை, தைராய்டு, மூட்டுவலி எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. டயட் ஆலோசகர் மாதிரியான தொழில்களையும் அரசுப் பதிவுக்குள் கொண்டுவர 2021இல் சட்டம் வந்தது. ஆனாலும் யார் வேண்டுமானாலும் 'வெல்னஸ் கோச்' என்று பேனர் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்போது மாமியார். எனக்கு உங்கள் எடையைவிட இதுதான் கவலை. சர்க்கரை மாத்திரைகள் எல்லாம் ஒரே மாதிரி கிடையாது. அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் மெட்ஃபார்மின் என்று மட்டும் இருந்தால், சாப்பிடாமல் இருந்தாலும் சர்க்கரை அபாயமாக இறங்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு என்று ஏதாவது இருந்தால், அல்லது இன்சுலின் போட்டால், காலையில் மருந்தைப் போட்டுவிட்டுச் சாயங்கால பூஜை வரை வயிற்றைக் காயப்போடுவது ஆபத்து. பல மாத்திரைகளில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்தே இருக்கும், முதல் பெயரை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. அப்போது அதிரசம் கொடுக்காதீர்கள், எண்ணெயில் பொரித்தது மெதுவாகத்தான் ஏறும். மயங்கி விழுங்க முடியாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108க்குக் கூப்பிடுங்கள். மாத்திரையை நீங்களாகவும் நிறுத்த வேண்டாம்: நோன்புக்கு முந்தின வாரமே, ஸ்டான்லி ஆஸ்பத்திரியோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமோ எங்கே காட்டுகிறாரோ அங்கே அட்டையோடு போய், "நோன்பு இருக்கலாமா, இருந்தால் அன்றைக்கு எவ்வளவு" என்று வாயைத் திறந்து கேளுங்கள். மாத்திரை வீடு தேடிக்கூட வந்துவிடுகிறது, விரதம் உண்டா என்று கேட்க மட்டும் ஆள் இருப்பதில்லை.

நீங்கள் நோன்பு இருப்பது உங்கள் பக்தி. எடைக்காக என்றால் வேண்டாம்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் வெறும் வயிற்றில் ஒரு எடை, அதே மெஷினில் இரண்டு வாரம் கழித்து இன்னொன்று, அவ்வளவுதான். இடுப்புச் சுற்றளவையும் டேப்பில் அளந்து வையுங்கள், நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், உங்கள் கடையில் டேப்புக்கா பஞ்சம். அடுத்த வருடச் சீட்டுக்கு முதல் தவணை கட்டும் முன்பு அக்காவிடம் ஒன்று கேளுங்கள், பலகாரத்துக்குப் பதிலாக துவரம்பருப்பு, உளுந்து, எண்ணெய் என்று மளிகையாகத் தர முடியுமா என்று. முடியாது என்றால் அந்தச் சீட்டை விட்டுவிடுங்கள்.