வாய்தா அன்றைக்கு ஆபீஸ் வேலை: நண்பரை அனுப்பினால் போதுமா?

கேள்வி: திருவான்மியூரில் ராத்திரி சோதனையில் பிடித்து, குடித்துவிட்டு பைக் ஓட்டியதாக என் மேல் வழக்குப் போட்டார்கள். வரும் வியாழக்கிழமை சைதாப்பேட்டை கோர்ட்டில் ஆஜராகச் சொல்லி சம்மன் வந்திருக்கிறது. அன்றைக்குப் பார்த்து ஆபீஸ் வேலையாக பெங்களூரு போயாக வேண்டும். மேனேஜரிடம் கடிதம் வாங்கி நண்பரிடம் கொடுத்தனுப்பினால் வேறு தேதி தருவார்களா?
- வாசகர், பெருங்குடி

பதில்: நண்பர் போவதில் பயனில்லை. உங்களுக்காகப் பேச வக்காலத்து போட்ட வக்கீல் வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 355-வது பிரிவில் அவர் மனு போட்டு, அன்று ஒரு நாள் நீங்கள் நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். பழைய சட்டத்தில் இது 317. கோர்ட் வராந்தாவில் இன்னமும் 'முந்நூத்திப் பதினேழு' என்றுதான் சொல்வார்கள். வழக்கைக் கூப்பிடும்போது மனு தயாராக இருக்க வேண்டும். மத்தியானம் ஓடிப்போய்க் கொடுத்தால், அதற்குள் பிடிவாரண்ட் போட்டிருப்பார்கள்.

'ஆபீசில் வேலை' என்று மொட்டையாக எழுதினால் எடுபடாது. கம்பெனி லெட்டர்ஹெட்டில் எந்தத் தேதியில், எந்த ஊரில், ஏன் நீங்களே போக வேண்டும் என்று இருக்கட்டும். டிக்கெட் நகலையும் சேருங்கள். அப்படியும் விலக்குத் தருவது மாஜிஸ்திரேட் இஷ்டம். ஒருமுறை தரலாம், அடுத்த வாய்தாவுக்கும் இதே கதை என்றால் கோபம்தான் வரும்.

என்னைக் கேட்டால், முடிந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். முதல் வாய்தாவுக்கே வராத எதிரி (கோர்ட் மொழியில் குற்றம் சாட்டப்பட்டவர்) என்ற பெயர் நல்லதல்ல.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. 'குற்றத்தை ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டினால் ஒரே நாளில் முடியும்' என்று யாராவது சொல்வார்கள். முடியும்தான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. அதோடு போகாது. தண்டனை விதித்தால் லைசென்சைக் குறைந்தது 6 மாதத்துக்கு முடக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 20-வது பிரிவு. தினமும் பைக்கில் ஆபீஸ் போகிறவருக்கு அபராதத்தைவிட இதுதான் பெரிய அடி. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் இந்தக் குற்றம். ஊதிப் பார்த்த மெஷின் கொடுத்த சீட்டில் என்ன அளவு இருக்கிறது என்று வக்கீலிடம் காட்டிவிட்டு, அப்புறம் முடிவெடுங்கள்.

ஒருவேளை வாரண்ட் போட்டுவிட்டால், போலீஸ் வீட்டுக்கு வரட்டும் என்று இருக்க வேண்டாம். வக்கீலோடு நீங்களே கோர்ட்டுக்குப் போய், வாரண்டை ரத்துசெய்ய மனு போடுங்கள். விலக்குக் கிடைத்தால், அன்று சாயங்காலமே அடுத்த வாய்தா தேதியை வக்கீலிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, இ-கோர்ட்ஸ் செயலியிலும் ஒருமுறை சரிபாருங்கள்.