அம்மாவின் முகம் வரவில்லை

அன்புள்ள சார்,

நாவலில் வர்ணனை வந்தால் தாண்டிப் போய்விடுவேன். 'கண்ணை மூடினால் காட்சி அப்படியே தெரிகிறது' என்று தோழிகள் சொல்வதை இத்தனை நாளும் ஒரு பேச்சுக்குச் சொல்வதாகவே நினைத்திருந்தேன். எனக்கு வெறும் இருட்டுதான். போன வருடம் இறந்துபோன அம்மாவின் முகம்கூட வரவில்லை. என் பாசத்தில்தான் குறையா? நானெல்லாம் இலக்கியம் படித்து என்ன பயன்?

வி.

அன்புள்ள வி.,

உங்கள் பாசத்தில் ஒரு குறையும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காலையில் சாப்பிட்ட மேசையை மனதில் கொண்டுவரச் சொல்லி, அதன் வெளிச்சமும் நிறமும் எப்படித் தெரிகின்றன என்று பலரிடம் கேட்டார் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன். 1880இல் அதைப் பற்றி எழுதினார். சிலருக்கு எல்லாமே நேரில் பார்ப்பதுபோல் இருந்தது. அவர் கேட்ட விஞ்ஞானிகளில் பலரோ மனக்கண் என்பதே வெறும் பேச்சு என்றார்கள், உங்களைப் போலவே. படமே வராத இந்த நிலைக்கு 2015இல் நரம்பியல் மருத்துவர் ஆடம் ஸீமனும் உடன் ஆய்வாளர்களும் அஃபான்டேசியா என்று பெயர் வைத்தார்கள். இது நோய் அல்ல.

படம் வராவிட்டால் நினைவும் இல்லை என்று ஆகாது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், அறைகளின் புகைப்படங்களைக் காட்டிவிட்டு, பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். படம் வராதவர்கள் குறைவான பொருட்களையே வரைந்தார்கள். ஆனால் எது எங்கே இருந்தது என்பதில் மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை. இல்லாத பொருளைச் சேர்த்து வரைந்ததும் அவர்கள்தான் குறைவு. அம்மா எந்த இடத்தில் உட்காருவார், எதற்குக் கோபப்படுவார் என்பது உங்களுக்குத் தெரியும்தானே? அதுவும் அம்மாதான். முகத்துக்குப் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்படிப்பட்டவர்களில் பலருக்குக் கனவில் மட்டும் காட்சி வருவதுண்டு. உங்களுக்கு எப்படி?

அப்புறம் இலக்கியம். பயங்கரக் கதையைப் படிக்கும்போது பொதுவாகத் தோல் லேசாக வியர்த்து, அதன் மின்கடத்தும் திறன் ஏறும்; பதற்றத்தின் அடையாளம் அது. சிட்னியில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது படம் வராதவர்களுக்கு அது ஏறவில்லை. பயங்கரப் படங்களைக் காட்டியபோது மற்றவர்களைப் போலவே ஏறியது. ஆகவே வர்ணனை உங்களைத் தொடாமல் போவது இயல்பு, தாராளமாகத் தாண்டுங்கள். உரையாடலும் மனிதர்களின் தர்க்கமும் வாக்கியத்தின் ஓசையும் உங்களுக்கு உண்டு. கற்பனை வேறு, மனதில் படம் ஓடுவது வேறு. அனிமேஷன் நிறுவனமான பிக்ஸாரை நிறுவியவர்களில் ஒருவரான எட் கேட்மல்லுக்கும், டிஸ்னியின் 'தி லிட்டில் மெர்மெய்ட்' அனிமேஷன் படத்தில் ஏரியல் பாத்திரத்தை வரைந்த கிளென் கீனுக்கும் மனதில் படம் வராது.