ட்ரான்ஸ்போமரை ஏற்றும்போது மட்டும் 50என் ட்ரிப் ஆனால்

50என் என்பது எர்த் ஃபோல்ட்டை, அதாவது மின்சாரம் நிலத்துக்குப் பாய்வதைக் கண்டதும் பிரேக்கரை உடனே விழுத்தும் ரிலே பாதுகாப்பு. அதன் பிக்கப்பை, அதாவது அது இயங்கத் தொடங்கும் கறண்ட் அளவைக் கூட்ட வேண்டாம், முதலில் அதற்கு 100 மில்லிசெக்கன்ட் அளவில் ஒரு தாமதம் கொடுத்துப் பாருங்கள். கறண்ட் போய் வந்ததும் ட்ரான்ஸ்போமரை ஏற்றும்போது, அதாவது அதற்கு மின் கொடுக்கும்போது மட்டும் பிரேக்கர் விழுகிறது, மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) அடித்தால் கேபிள் சுத்தம் என்கிறீர்கள். அப்படியென்றால் அது பெரும்பாலும் இன்ரஷ், அதாவது மின் கொடுத்த கணத்தில் ட்ரான்ஸ்போமர் கொஞ்ச நேரம் இழுக்கும் பெரிய கறண்ட்தான்.

கொழும்பில் நீங்கள் எடுப்பது 11 கேவி. 1000 கேவிஏ ட்ரான்ஸ்போமருக்கு முழுச் சுமையில் ஏறக்குறைய 52 ஆம்பியர், ஏற்றிய கணத்தில் எட்டு பத்து மடங்குகூட இழுக்கும். அதில் டிசியும் கலந்திருப்பதால் மூன்று ஃபேஸ்களின் கறண்டை அளக்கும் மூன்று சிடிகளில் (கறண்ட் ட்ரான்ஸ்போமர்) ஒன்று மற்றவற்றுக்கு முன்னால் சச்சுரேட் ஆகி, அதாவது காந்தத்தால் நிறைந்து, பிழையாக அளக்கும், மூன்றின் கூட்டுத்தொகை பூச்சியமாகாது, ரிலே அதை எர்த் ஃபோல்ட் என்று நம்பிவிடும். பாவம், அதற்கு வேறு வழியில்லை.

ரிலேயிலிருந்து அலைவடிவப் பதிவை இறக்கிப் பாருங்கள். முனைகள் ஒரு பக்கமாகவே சாய்ந்து, 100 ஹேர்ட்ஸ் தூக்கலாக, மெல்ல மெல்லத் தேய்ந்தால் இன்ரஷ். ஒரு ஃபேஸில் மட்டும் சீரான சைன் அலை, அதே ஃபேஸின் வோல்டேஜும் விழுந்திருக்கிறது என்றால் நிஜமான பழுது, மறுபடி பிரேக்கரைப் போடவே வேண்டாம்.

நிரந்தரத் தீர்வு கோர் பேலன்ஸ் சிடி, அதாவது மூன்று ஃபேஸ்களையும் ஒரே வளையத்தால் சேர்த்து அளக்கும் சிடி. கேபிள் ஸ்கிரீனின் (கேபிளுக்குள் இருக்கும் உலோக உறை) எர்த் வயரை அதன் வளையத்துக்குள்ளால் திருப்பி எடுக்க மறந்தால் அதுவும் பிழையாகத்தான் காட்டும்.

தாமதம் கூட்டும்போது, மேலே மின் வழங்குநரின் ஃபீடர் ரிலே உங்களுடையதை முந்திவிடக் கூடாது. செட்டிங்கை மாற்றுமுன் அவர்களிடம் கேளுங்கள்.