குரூப் 4 படிப்பும் நாம் சொல்லும் சாக்குகளும்: கேள்வி பதில்

தமிழ்நாடு அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வில் மூன்றாவது முறைதான் தேறினேன். முதல் இரண்டு முறையும் என்னைக் கவிழ்த்தவை எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாக்குகள். அது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

வேலை முடிந்து வர எட்டு மணி ஆகிறது. சாப்பிட்டதும் அசதி. 'காலையில் எழுந்து படிக்கலாம்' என்றே மூன்று மாதம் ஓடிவிட்டது.

அசதி உண்மைதான். ஆனால் அந்த இரவுகளில் எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்? நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தேன். புத்தகத்தை மூடும்போதெல்லாம் மணியையும், மனதில் வந்த வார்த்தையையும் அப்படியே எழுதுவேன். பத்து நாள் கழித்துப் புரட்டினால்: "8.40, தலைவலி." "8.45, தலை பாரம்." "8.40, நாளைக்குப் பார்க்கலாம்." அந்த நாட்களில் எல்லாம் எட்டரைக்கு எடுத்தது கணக்கு. தமிழ் எடுத்த நாளில் பத்தரை வரை தலை வலிக்கவே இல்லை! நீங்களும் பத்து நாள் எழுதுங்கள். உங்களைத் திருத்தவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கணக்கு வராது. அதை விட்டுவிடலாமா?

200 கேள்விகளில் திறனறிவுக் கணக்கு 25. கேள்விக்கு ஒன்றரை வீதம் 37.5 மதிப்பெண். விட்டுவிடாதீர்கள். 'கணக்கு வராது' என்று நானும் பதினைந்து வருடம் சொன்னேன். எது வராது என்று ஒருநாள் பிரித்து எழுதினேன். சதவீதம் வரும், விகிதம் வரும், தனிவட்டி வரும். கூட்டுவட்டியில் தடுமாறுவேன். ஆட்கள், நாட்கள் கணக்கு சுத்தமாக வராது. ஆக, வராதது இரண்டே இரண்டு. அவற்றைக் கற்க ஒன்பது நாள் ஆனது.

மாதிரித் தேர்வை மட்டும் தள்ளிக்கொண்டே போகிறேன். முழுதாகப் படித்துவிட்டு எழுதலாமே?

1978இல் பெர்க்லாஸ், ஜோன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவினருக்குப் பெரும்பாலும் தீர்க்கவே முடியாத கேள்விகளைக் கொடுத்துவிட்டு, 'பிரமாதமாகச் செய்தீர்கள்' என்றார்கள். அடுத்த தேர்வுக்கு முன், திறனைக் கூட்டும் மருந்து வேண்டுமா, குறைக்கும் மருந்து வேண்டுமா என்று கேட்டார்கள். எப்படி ஜெயித்தோம் என்றே புரியாதவர்களில் பலர், குறிப்பாக ஆண்கள், குறைக்கும் மருந்தைக் கேட்டார்கள். தோற்றால் பழியை அதன்மேல் போட்டுவிடலாம் அல்லவா? 'இன்னும் முழுதாகப் படிக்கவில்லை' என்பது நம்முடைய மருந்து. வரும் ஞாயிறு காலை 9.30 முதல் 12.30 வரை, பாதிப் படிப்போடு உட்காருங்கள். குறைந்த மதிப்பெண்ணைப் பார்க்கும்போது வயிறு கலங்கும். எனக்கும் கலங்கியது. ஆனால் எங்கே ஓட்டை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டெலிகிராமில் வரும் பிடிஎஃப் எல்லாம் இறக்கிவிட்டேன். எதையும் திறக்கவில்லை.

இறக்கும்போதே படித்த திருப்தி வந்துவிடுகிறது, அதுதான் சிக்கல். ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுங்கள். அது முடியும்வரை எதையும் இறக்காதீர்கள்.

கைக்குழந்தை இருக்கிறது. நிஜமாகவே நேரமில்லை. இதுவும் சாக்கா?

இல்லை அம்மா. தடை விலகியதும் நாம் படிக்க உட்கார்ந்தால், அது உண்மையான தடை. தடை விலகிய பிறகும் இன்னொரு காரணம் முளைத்தால்தான் சந்தேகப்பட வேண்டும். குழந்தை தூங்கும் அரைமணியில் பழைய வினாத்தாளில் பத்துக் கேள்வி போட்டுப் பாருங்கள். உடம்பு கேட்டால், சரி, நீங்களும் தூங்குங்கள். நோட்டில் 'தூங்கினேன்' என்றே எழுதுங்கள்.