வாஷிங்டன் கொடுத்த செலவுக் கணக்கு: கேள்வி பதில்

அமெரிக்க விடுதலைப் போர் முடிந்ததும் தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் தம் செலவுக் கணக்கைக் கருவூலத்தில் ஒப்படைத்தார். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பயணப்படிப் பட்டியல்களைத் தணிக்கை செய்தே தலை நரைத்தவன் நான். மற்றவர்கள் அவருடைய போர்களைப் படிப்பார்கள். நான் வவுச்சர்களைப் படிக்கிறேன்.

கல்லூரி மாணவர்: சம்பளம் வேண்டாம் என்று பெயர் வாங்கிக்கொண்டு, செலவுக் கணக்கில் அதைவிட அதிகம் எடுத்துவிட்டார் என்கிறார்களே?

தொகையை மட்டும் பார்த்தால் அப்படித்தான். 1775 ஜூனில் காங்கிரஸ், அதாவது அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் சபை, தளபதிக்குச் சம்பளமும் செலவும் சேர்த்து மாதம் 500 டாலர் என்று தீர்மானித்தது. 16ஆம் தேதி அவர் எழுந்து, சம்பளம் வேண்டாம், செலவுக்குச் சரியாகக் கணக்கு வைக்கிறேன், அதைக் கொடுத்தால் போதும் என்றார். மாதம் 500 வீதம் எட்டு ஆண்டுக்கு 48,000 டாலர் ஆகிறது. அவர் கொடுத்த கணக்கு அதைத் தாண்டியது. ஆனால் அது ஒரு மனிதரின் சாப்பாட்டுச் செலவு அல்ல. உதவி அதிகாரிகளுக்கும் விருந்தினர்களுக்கும் போட்ட பந்தி, குதிரைகள், ஒற்றர்களுக்குக் கொடுத்த பணம் எல்லாம் அதே ஏட்டில்தான் இருக்கின்றன. இதைத் தந்திரம் என்பவர்கள் ஏட்டைப் புரட்டிப் பார்க்காதவர்கள்.

ஓய்வுபெற்ற கணக்கு அலுவலர்: ஏட்டில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறார்?

முதலில் வருவது ஐந்து குதிரைகள், 239 பவுண்டு. சொந்த வண்டியையும் குதிரைகளையும் வர்ஜீனியாவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டதால் போர்முனைக்குப் போக வாங்கியவை. அவற்றில் இரண்டு கடனுக்கு வாங்கியவை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அடுத்த மாதமே ஒரு விசித்திரமான வரி: பாஸ்டன் நகருக்குள் போய் எதிரியின் நடமாட்டத்தை ரகசியமாகத் தெரிவிக்க ஒருவருக்குக் கொடுத்தது 333⅓ டாலர். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குறி மட்டும்தான். மூன்றில் ஒரு டாலர் எங்கிருந்து வந்தது என்று நானும் முதலில் விழித்தேன். அந்தப் பகுதி நாணயக் கணக்கில் டாலருக்கு 6 ஷில்லிங். பெருக்கினால் 2,000 ஷில்லிங், அதாவது சரியாக 100 பவுண்டு. பெயரும் ரசீதும் இல்லாத பட்டியல் என் மேசைக்கு வந்திருந்தால் அன்றே ஆட்சேபணை எழுதியிருப்பேன். ஒற்றனிடம் ரசீது கேட்டால் அவன் கழுத்துக்குத்தான் கயிறு.

இல்லத்தரசி ஒருவர்: மனைவியின் பயணச் செலவையும் சேர்த்தாராமே?

சேர்த்தார், 1,064 பவுண்டு 1 ஷில்லிங். குளிர்காலப் பாசறைக்கு மார்த்தா வந்துபோன செலவு அது. இது தனிப்பட்ட செலவல்லவா என்று முதலில் தயங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். ஆண்டுதோறும் வீட்டுக்குப் போவதைத் தள்ளிப்போட்டதால்தான் மனைவி வர நேர்ந்தது என்பது அவர் சொன்ன நியாயம். 1775இல் வீட்டைவிட்டுப் போனவர், யார்க்டவுன் போருக்குப் போகும் வழியில் 1781 செப்டம்பரில்தான் மறுபடி வாசல் மிதித்தார். நானாக இருந்தாலும் அனுமதித்திருப்பேன், முணுமுணுத்துக்கொண்டே.

வங்கி ஊழியர்: தணிக்கையில் என்ன பிழை கிடைத்தது?

கருவூலக் கணக்கர் ஜேம்ஸ் மில்லிகன் வரிவரியாகக் கூட்டிப் பார்த்தார். ஒரு டாலரில் தொண்ணூறில் 89 பங்கு வித்தியாசம், அதுவும் வாஷிங்டனுக்கு அரசு தர வேண்டிய பாக்கி! டாலருக்கு இத்தனை ஷில்லிங் என்பது இடத்துக்கு இடம் மாறும்; பென்சில்வேனியா கணக்கில் டாலர் என்றால் 7 ஷில்லிங் 6 பென்னி, அதாவது 90 பென்னி. ஆக, ஒரு டாலருக்கு ஒரு பென்னி குறைவு. எட்டு ஆண்டுப் போருக்கு இவ்வளவுதான் பிசகு.

உண்மையான நஷ்டம் வேறு இடத்தில். கையிலிருந்த சொந்தப் பணமும் கரைந்திருப்பதைக் கண்டு, வேலை நெருக்கடியில் பல செலவுகளை எழுத விட்டுப்போயிருக்க வேண்டும் என்று வாஷிங்டன் ஒப்புக்கொண்டார். எழுதாத செலவை எந்தத் தணிக்கையாளரும் கண்டுபிடித்துக் கொடுக்க மாட்டார்.

முன்னாள் ராணுவ வீரர்: மற்ற அதிகாரிகளுக்கும் இப்படித்தான் தீர்த்தார்களா ஐயா?

இல்லை. அன்றைய காங்கிரஸுக்கு வரி போடவே அதிகாரம் கிடையாது. ஆயுள் முழுக்கப் பாதிச் சம்பளம் என்ற வாக்குறுதியை 1783 மார்ச்சில் ஐந்து ஆண்டு முழுச் சம்பளமாக மாற்றி, அதையும் கடன் பத்திரமாகவே கொடுத்தார்கள். அடுப்பெரிய வேண்டுமே, பலர் அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். 1790இல் அரசு முழு மதிப்பும் கொடுத்தபோது பணம் போய்ச் சேர்ந்தது பத்திரத்தை வைத்திருந்தவர்களுக்கு. முதலில் வாங்கியவர்களுக்கும் பங்கு தர வேண்டும் என்ற காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் மாடிசனின் யோசனை 36க்கு 13 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது.

இன்னும் மோசம் தளபதி நத்தேனியல் கிரீன் கதை. தெற்கில் படைக்குச் சோறும் துணியும் வாங்க ஒரு வணிகரின் கடனுக்கு ஜாமீன் நின்றார். வணிகர் நொடித்துப்போக, கடன்காரர்கள் கிரீனைப் பிடித்தார்கள். 1786இல் கடனோடு இறந்தார். மனைவி கேதரின் மனுமேல் மனு போட்டு, 1792இல்தான் 47,000 டாலர் கிடைத்தது. அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அதிபர் வாஷிங்டன்.

மாணவர் மீண்டும்: அதிபரானபோதும் சம்பளம் வேண்டாம் என்றாரா?

1789இல் அதே பேச்சுதான்: செலவு மட்டும் போதும். காங்கிரஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆண்டுக்கு 25,000 டாலர் சம்பளம் என்று சட்டம் இயற்றிவிட்டது.