பெற்றோர் வாசிக்காத பிடில்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பாடகியும் பிடில் கலைஞருமான எலைசா கார்த்தியைப் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு அவருடைய முதல் தனி இசைத் தொகுப்பான ‘ஹீட் லைட் அண்ட் சவுண்ட்’டைத் தேடிக் கேட்டேன். பிறகு அவரைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த கட்டுரைகளையும் வாசித்தேன். பாதி இடத்தை அப்பா அம்மா பெயர் எடுத்துக்கொள்கிறது. மீதியில் தலைமுடிக்கு அடித்த சாயம். மரபு நல்ல கைகளில் இருக்கிறது, எதிர்காலம் உண்டு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இதே தொகுப்பை யாரோ ஒரு பெண் கொண்டுவந்திருந்தால் இவ்வளவு பாராட்டு கிடைத்திருக்குமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

கிடைத்திருக்காது. அதில் சந்தேகமே வேண்டாம். அப்பா மார்ட்டின் கார்த்தி 1960களிலிருந்தே ஆங்கில நாட்டுப்புறப் பாடகர்களில் முதல் வரிசை; ‘ஸ்கார்பரோ ஃபேர்’ பாடலை அமெரிக்கப் பாடகர் பால் சைமன் கற்றது அவரிடமிருந்துதான். அம்மா நார்மா, ஹல் நகரத்து வாட்டர்சன் குடும்பக் குழுவின் குரல். அந்த வீட்டில் 1975-இல் பிறந்த பெண், 1996-இல் டாபிக் ரெக்கார்ட்ஸ் என்ற நாட்டுப்புற இசை நிறுவனம் வழியாகத் தனித் தொகுப்பு வெளியிட்டால் எந்த விமர்சகரும் உறையைப் பிரிக்காமல் வைக்கமாட்டார். ஆங்கில நாட்டுப்புற இசை ஒரு சின்ன ஊர். அன்று அதன் முக்கியப் பத்திரிகையாக இருந்த ‘ஃபோக் ரூட்ஸ்’ஸின் ஆசிரியரே பாடகர். நாளைக்கு ஒரே விழாக் கூடாரத்தில் சந்திக்கப்போகிறவர்கள் இன்று முகத்தில் அடித்தாற்போல் எழுதுவதில்லை.

ஆனால் இதிலிருந்து நீங்கள் போகும் இடம் வேறு, நான் போகும் இடம் வேறு. குடும்பப் பெயரால் அவருக்கு அதிகப் பாராட்டு கிடைத்தது என்கிறீர்கள். தவறான பாராட்டு கிடைத்தது என்கிறேன் நான்.

மார்ட்டின் கார்த்தியின் கருவி கிதார். நார்மா பெரும்பாலும் கருவியே இல்லாமல் பாடியவர். அந்த வீட்டுக்குப் பிடில் அந்நியமில்லை, மார்ட்டினோடு பிடில் கலைஞர் டேவ் ஸ்வார்ப்ரிக் ஆண்டுக்கணக்கில் வாசித்திருக்கிறார்; ஆனாலும் பெற்றோர் கையில் அது இருந்ததில்லை. அதைவிட முக்கியம், எலைசா பாடிக்கொண்டே வாசிப்பது. நம் கச்சேரியில் பாடகரைப் பின்தொடர வயலினோடு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இங்கே பின்தொடர ஆளில்லை. பிடிலைத் தாடைக்கடியில் இறுக்கினால் வாய் பூட்டிக்கொள்ளும். அதனால் பாடிக்கொண்டே வாசிக்கிறவர்கள் பலர் அதைச் சற்றுக் கீழே இறக்கிப் பிடிப்பார்கள். பாடகருக்கு மூச்சு முடியும் இடமும் வில் திரும்ப வேண்டிய இடமும் ஒன்றாக அமைவதில்லை. அந்தப் பிணக்கைப் பாட்டுக்குள்ளேயே தீர்க்க வேண்டும்: ஓரிடத்தில் இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுத்துச் சுருதிபோல் நிற்க விடலாம், இன்னோரிடத்தில் குரலை முன்னே அனுப்பிவிட்டு மெட்டைப் பின்னால் வரச் செய்யலாம். வாரிசுரிமையில் வராத இந்த வேலையைத்தான் விமர்சனம் கேட்டிருக்க வேண்டும். நான் படித்தவற்றில் பெரும்பாலானவை அம்மாவின் குரல்சாயலைக் கண்டுபிடித்ததோடு திருப்தி அடைந்துவிட்டன.

‘எதிர்காலம் உண்டு’ என்பதும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. அதே 1996-இல் அவருடைய அம்மாவுக்கும் முதல் தனித் தொகுப்பு வந்தது. 1939-இல் பிறந்தவர், அதுவரை குழுவிலேயே பாடியவர். அது, ஆண்டின் சிறந்த தொகுப்புக்குப் பிரிட்டனில் தரப்படும் மெர்குரி பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போய், பல்ப் என்ற ராக் குழுவிடம் தோற்றது. அவரிடம் போய் யாராவது எதிர்காலம் உண்டு என்று சொல்ல முடியுமா? முதல் தொகுப்புதான் என்றாலும், இருக்கும் பாட்டைக் கேட்டுத்தான் எழுதியாக வேண்டும். மகளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து எலைசாவின் ‘ரெட் ரைஸ்’ வந்தபோது வேறு தராசு வந்தது. இரட்டைத் தொகுப்பு அது: ‘ரெட்’டில் டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான மின்னணு நடன இசை வரைக்கும் போகும் தாளங்கள், ‘ரைஸ்’ஸில் மின்கருவி இல்லாத பழைய பாணி. முந்தைய ஆண்டுதான் ரோனி சைஸ் அதே டிரம் அண்ட் பேஸ் இசைக்காக மெர்குரி வென்றிருந்தார். ‘ரெட் ரைஸ்’ஸும் இறுதிப் பட்டியலுக்குப் போனது, கோமெஸ் குழு வென்றது. வெளியிலிருந்து வந்த விமர்சகர்களைக் கவர்ந்தது புதுமைதான். எனக்கோ இன்றும் ‘ரைஸ்’தான் துணிச்சலானதாகப் படுகிறது. மறைந்துகொள்ள அங்கே இடமில்லை.

நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று: தொகுப்பு உங்களுக்குப் பிடித்ததா? கட்டுரைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எலைசா 1993-இல் நான்சி கெர்ரோடு சேர்ந்து வெளியிட்ட தொகுப்பையும் கேளுங்கள். நாட்டுப்புறப் பாடகி சாண்ட்ரா கெர்ரின் மகள் நான்சி. அவரும் பிடில் வாசித்துக்கொண்டே பாடுகிறவர். அதன் உறையில் உள்ள குறிப்பைக் கடைசியில் படிக்கலாம்.